குனோம், கேடீஈ: சீர்தரமா, தனிப்பயனாக்கமா?

வரைகலைப் பயனர் இடைமுகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா, பயனரே மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பது மென்பொருள் வடிவமைப்பில் நெடுநாளைய விவாதம். லினக்சுப் பணிமேடைச் சூழல்களுள் 1996இல் தொடங்கிய கேடீஈ இரண்டாவது வழியிலும், 1997இல் தொடங்கிய குனோம், குறிப்பாக அதன் மூன்றாம் பதிப்பு முதல், முதல் வழியிலும் செல்கின்றன.

2011 ஏப்ரலில் வெளியான குனோம் 3, சாளரத்தைச் சிறிதாக்கும், பெரிதாக்கும் பொத்தான்களை நீக்கியது. அவற்றை மீட்க விரும்பியோர் தனிக் கருவியை நாட வேண்டியிருந்தது. சீர்தர வாதத்திற்கு வலு இல்லாமல் இல்லை. ஆம்/இல்லை என்ற பத்துத் தேர்வுகளே 1,024 சேர்க்கைகளைத் தரும். அனைத்தையும் சோதிப்பது கடினம். திரைக்குத் திரை அமைப்பு மாறினால், கணினி வகுப்பில் ஒரே விளக்கம் எல்லோருக்கும் பொருந்தாது.

ஆயினும் தேர்வை நீக்கியதால் தேவை நீங்கவில்லை. குனோம் 2இலிருந்து மாத்தே கிளைத்தது. லினக்சு மின்ட் குழு சினமனை உருவாக்கியது. குனோமில் தொடர்ந்தோர் பலர் நீட்சிகளைச் சார்ந்தனர். புதிய பதிப்புகளில் அவை அடிக்கடி செயலிழக்கின்றன. நீக்கப்பட்ட சிக்கல் பயனரின் தலையில் இறங்கியது.

கேடீஈயிலும் குறை உண்டு. அமைப்புகள் ஏராளம் என்பதால், வேண்டியதைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிறது.

இயல்பிருப்பைச் சீராக வைப்பது வேறு, மாற்றும் வழியை அடைப்பது வேறு. முன்னது புதியவருக்கு உதவும். பின்னது பழகியவரின் கைப்பழக்கத்தைக் குலைக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே குனோம் 3இன் முதன்மைக் குறை.