மூணே மூணு செல்!

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? கொளவாய் ஏரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன ஞாயிறு விடியற்காலை என் பழைய மஹிந்திரா இ2ஓ மின்சாரக் காரை ஏரிப் பக்கம் ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டைத் தட்டிக் கொடுத்தேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு! போன மாசம் வரை பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கின அதே வண்டிங்க!

சேத்தன் மைனி 2001-இல் பெங்களூரிலிருந்து இறக்கினாரே ரேவா, அதன் தங்கச்சி இவள், 2013-இல் பிறந்தவள். அக்காவுக்கு 8 லெட் ஆசிட் பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது. இவளுக்கு லித்தியம். புதுசில் ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் என்பார்கள். பத்து வருஷம் உழைத்த பிறகு, செகண்ட்ஹேண்டில் வாங்கிய எனக்கு 35 கிடைத்தது. வயசானால் அப்படித்தான். மச்சான், "காயலான் கடையில போட்டுடுங்க மாமா" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

முடிச்சூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பேட்டரி ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பி. அந்தத் தம்பி பேட்டரி பேக்கை இறக்கி மூடியைத் திறந்தார். வரிசையாக நீலச் செல்கள். மல்டிமீட்டரை வைத்தால் எல்லாமே 3.3 வோல்ட், ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. என் மூஞ்சி தொங்கிவிட்டது. "அவசரப்படாதீங்க சார், சும்மா இருக்கும்போது எல்லாரும் பயில்வான்தான்" என்று லோட் டெஸ்டரை மாட்டினார் பாருங்க! மற்றதெல்லாம் 3.2-இல் கல்லு மாதிரி நிற்க, ஒரு செல் மட்டும் 2.9, 2.7, 2.5 என்று கண்ணெதிரே சரிகிறது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி கத்திவிட்டேன், பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது.

தண்ணி லாரியிலிருந்து மாடிக்குக் குடத்தைக் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றுவோமே, நடுவில் ஒருத்தருக்குக் கை சோர்ந்தால் மொத்த வரிசையும் நிற்குமில்லையா, அதேதான் இது. ஒரு செல் படுத்தால் போதும், பேட்டரிக்குக் காவலாக இருக்கிற பிஎம்எஸ் போர்டு வண்டியையே நிறுத்திவிடும், மற்ற செல்களில் சரக்கு அப்படியே மிச்சம் இருக்கும்! தம்பி ஸ்பேனர் பிடியெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றி (இரண்டு முனைக்கும் நடுவே தவறி விழுந்தால் ஸ்பேனரே உருகிவிடுமாம்), செம்புப் பட்டைகளை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதே கொள்ளளவில் மூன்று செல் தேடிப் பிடித்து, பழசு புதுசு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் 3.65 வோல்ட் வரை நிரப்பிச் சமப்படுத்தி முடிக்க நாலு நாள். அந்த நாலு நாளும் ஆபீஸ் விட்டதும் அங்கே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன், வீட்டில், "கார்தானே, என்னமோ பேரன் பொறந்த மாதிரி" என்றாள், ஆமாம், பொறந்த மாதிரிதான்!

அந்த ஞாயிறை நினைத்துப் பாருங்க! சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, சத்தமே இல்லாமல் ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கி, இரும்புலியூர் தாண்டி, மேம்பாலத்தில் சும்மா ஜிவ்வென்று ஏறி, வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில், சார்ஜ் இறங்குகிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்து, இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டே போய்த் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தும்போது இன்னும் 22 சதவீதம் பாக்கி! ஏசி போட்டால் கொஞ்சம் குறையும். மற்ற கிழட்டுச் செல்களும் ஒருநாள் படுக்கும். அதையெல்லாம் இப்போ யார் கேட்டா?

நேற்று கேம்ப் ரோடு சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர், "இது இன்னுமா சார் ஓடுது?" என்றார். கண்ணாடியை இறக்கினேன், முதல் செல்லிலிருந்து ஆரம்பித்தேன். பச்சை விழுந்து, பின்னால் பஸ் ஹாரன் அடித்தபோது இரண்டாவது செல்லில்தான் இருந்தேன்.