பாட்டில் ஏல்: வாளையார் வெயிலில் மதிப்பெண் போடுவது எப்படி?

பிரிட்டிஷ் பாட்டில் ஏல் வகைப் பீருக்கு மதிப்பெண் போட உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது 50 மதிப்பெண் அட்டை. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் வகுத்த பங்கீட்டில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கு 5, தோற்றத்துக்கு 3. பளபளப்பையும் நுரையையும் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடும் அவசரத்துக்கு இது சரியான கடிவாளம்.

பாலக்காட்டுக் கணவாயில் உள்ள வாளையாரை அடுத்த கஞ்சிக்கோட்டில் யுனைடெட் ப்ரூவரீஸ் ஆலை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகளை இணைத்து 1915இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கிங்ஃபிஷர் போன்ற லாகர் வகைகளை நடுங்கும் குளிரில் குடிப்பதே இப்பக்கத்துப் பழக்கம். ஏலுக்கு அந்தக் குளிர் ஆகாது. 6.3 சதவீத ஆல்கஹால் கொண்ட ஃபுல்லர்ஸ் 1845 என்ற ஏலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வாயில் வைத்தால் கசப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். 12 டிகிரி வரை ஏறவிட்டால் உலர்திராட்சை, ஆரஞ்சுத்தோல், வறுத்த மால்ட் என ஒவ்வொன்றாக மணம் எழும்பும். 4 டிகிரியில் போட்ட மதிப்பெண்ணை அடித்துவிட்டு மறுபடி போடுவதே முறை.

இந்த ஏல் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பது. அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். பாட்டிலைச் சாய்த்து, இடையில் நிமிர்த்தாமல் ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிட வேண்டும். கலங்கிப் போனாலும் பெரும்பாலும் அடிபடுவது தோற்றத்தின் 3 மதிப்பெண்தான்.

வாளையாரில் பெரிய சிக்கல் வெப்பம். பாலக்காட்டுக் கணவாயில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கிடந்த பாட்டிலில் ஆக்சிஜனேற்றம் வேகம் பிடித்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடும். பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து, மூக்கைக் குத்தும் கந்தக நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். ஆடுகளத்தைப் பார்க்காமல் பந்துவீச்சாளரைக் குறை சொல்ல முடியாது. பாட்டில் வந்த வழியின் குற்றத்தைக் காய்ச்சியவர் தலையில் கட்டுவதும் அப்படித்தான். இந்த வாடைகள் தெரிந்தால் மதிப்பெண்ணை நிறுத்திவைத்து, வேறு பெட்டியில் வந்த பாட்டிலைத் திறப்பதே நியாயம்.

இந்தியாவுக்கென்றே பேர்பெற்ற ஏலும் உண்டு. லண்டனின் ஹாட்சன் ஆலையிலிருந்தும், 1820களில் தொடங்கி இங்கிலாந்தின் பர்ட்டன் நகர ஆலைகளிலிருந்தும் கிளம்பிய வெளிர் ஏல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடலில் வந்தது. கூடுதல் ஹாப்ஸ் அதைக் கெடாமல் காத்தது. பர்ட்டன் தண்ணீரின் கால்சியம் சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கியது. இந்தியா பேல் ஏல் வகையில் கசப்பு தூக்கலாக இருப்பது குறையல்ல, அதற்கு மதிப்பெண் குறைக்கவும் கூடாது.

ஒரே அமர்வில் பல பாட்டில் என்றால் மென்மையானது முதலில், கசப்பும் போதையும் கூடியது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி போதும். லேபிளை மறைத்து வேறொருவர் ஊற்றித் தர வேண்டும். இடையிடையே வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் நாக்கைத் துடைத்துவிடும்.