தெளிவும் நம்பிக்கையும்: விண்வெளிப் புனைவில் தலைமறைவான பழைய நண்பன்

1. முன்னுரை

அறிவியல் புனைகதை பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் அதன் அறிவியலையே அளந்து வந்துள்ளது. கதையில் வரும் கருவி இயலுமா, ஆசிரியரின் கணிப்பு பலித்ததா என்னும் வினாக்களே அதில் முன்னிற்கின்றன. விண்கலமும் வேற்றுக் கோளும் பின்புலமாக அமைய, மனிதரிடையே நிகழும் பழைய சிக்கல்களை இக்கதைகள் எவ்வாறு கையாளுகின்றன என்பது குறைவாகவே பேசப்படுகிறது. நெடுங்காலம் பிரிந்திருந்த நண்பனை, ஆட்சியாளரால் தேடப்படும் நிலையில், நம்பலாமா என்பது அத்தகைய சிக்கல்களுள் ஒன்று.

இச்சிக்கலை விரிவாகக் காட்டும் விண்வெளிச் சாகசக் கதை, ஜார்ஜ் லூகாஸ் படைத்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் உள்ளது. இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980), அதன் தொடர்ச்சியான 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' (1983) ஆகிய படங்களில் இடம்பெறும் ஹான் சோலோ, லேண்டோ கால்ரிசியன் என்னும் இருவரின் நட்பே இங்கு ஆய்வுப் பொருளாகிறது. திருக்குறளின் பொருட்பால் தரும் சொற்களும் கருத்துகளும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

இச்சிக்கல் தமிழ் வாசகருக்கு அயலானதன்று. தில்லி லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசு ஊழியர் குடியிருப்புகளை இங்கு நினைவுகூரலாம். அங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் ஒரே வகுப்பில் பயிலும் இருவருள் ஒருவரின் தந்தைக்கு மாறுதல் ஆணை வந்தால், வீடும் பள்ளியும் தோழமையும் ஒருங்கே மாறிவிடுகின்றன. இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தோழன் வாயிலில் வந்து நின்றால், அவனைப் பற்றித் தெரிந்தவை யாவும் பழையவை. தெரிய வேண்டியவை யாவும் புதியவை. அவன் அச்சத்தோடு வந்து நின்றால் வினா இன்னும் கூர்மை பெறுகிறது. விண்வெளிக் கதை இந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

2. தேறுதலும் நம்புதலும்

இக்காலத் தமிழில் 'நம்பு' என்பதே பெருவழக்கு. தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு', 'மேவு' என்னும் இரண்டிற்கும் 'நசை' என்று பொருள் கூறுவது கருதத்தக்கது. நசையாவது விருப்பம். ஒருவர்மீது கொண்ட விருப்பம், அவர் சொல்லின்மீது கொள்ளும் உறுதியாகப் பிற்காலத்தில் விரிந்தது எனலாம். இப்பொருள் மாற்றத்தின் சுவடு இன்றும் மறையவில்லை. நம்புகிறவர் பல வேளைகளில் சான்றை எடைபோடுவதில்லை. நம்ப விரும்புகிறார், ஆதலின் நம்புகிறார்.

திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் (51) தேறுதல், தெளிதல் என்னும் சொற்களை ஆள்கிறது. கலங்கிய நீர் தெளிவதும், வடித்துத் தெளிந்த கள் சங்க நூல்களில் 'தேறல்' எனப் பெறுவதும் இச்சொற்களின் அடிப்படைப் பொருளை உணர்த்தும். கலக்கம் அடங்கிய பின் கிடைப்பது தெளிவு. அதற்குக் காலமும் ஆராய்ச்சியும் தேவை. ஆராயாது ஒருவரைத் தெளிவதும், தெளிந்த பின் அவர்மீது ஐயுறுவதும் ஒருசேரத் துன்பம் தரும் என்று இவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (510) எச்சரிக்கிறது.

இன்றைய வழக்கில் 'தேறு' மேலும் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. தேர்வில் வெற்றி பெற்றவரும் தேறியவர். நோயினின்று மீண்டவரும் தேறியவர். ஆகவே தமிழில் நம்பிக்கைக்கு விருப்பவழி ஒன்றும் தெளிவுவழி ஒன்றும் உள்ளன. பழைய நண்பன் எதிர்ப்படும்போது இவ்விரண்டும் மோதுகின்றன.

3. நகரத் தலைவனாகிய நண்பன்

முதற் படத்தின் நிகழ்ச்சிகள் சுருக்கமாக வருமாறு. பேரரசின் படைகளால் துரத்தப்படும் சோலோவும் இளவரசி லேயாவும், பழுதுற்ற தம் விண்கலமான மில்லெனியம் ஃபால்கனைச் செப்பனிட இடம் தேடுகின்றனர். பெஸ்பின் என்னும் கோளின் மேல் மிதக்கும் மேகநகரத்தில் வாயுச் சுரங்கம் ஒன்றை நடத்தும் லேண்டோவின் நினைவு சோலோவிற்கு வருகிறது. அவர்களது நட்பு சூதாட்டத்திலும் போட்டியிலும் வளர்ந்தது. அக்கலமே முன்பு லேண்டோவிடம் இருந்தது. சோலோ அதனைச் சீட்டாட்டத்தில் வென்றவன்.

அவனை நம்பலாமா என்று லேயா வினவுகிறாள். சோலோ 'நம்பலாம்' என்று சொல்வதில்லை. நம்ப இயலாது என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் அவனுக்குப் பேரரசின்மீது அன்பில்லை என்று மட்டும் உறுதி கூறுகிறான். ஒருவரை முழுமையாகத் தெளியாமல் ஒரு பொருள் பற்றி மட்டும் தெளியலாம் என்னும் நிலைப்பாடு இது. ஆராய்ந்த பின்னும் அவரவர்க்குத் தக்கவற்றிலேயே ஒருவரைத் தேற வேண்டும் என்னும் குறட்கருத்தோடு (509) இது ஓரளவு ஒத்துச் செல்கிறது. சோலோ சறுக்குவது 'ஆராய்ந்த பின்' என்னும் பகுதியில். அவன் அறிந்த லேண்டோ பொறுப்பற்ற சூதாடி. அவன் காணப்போகும் லேண்டோ ஒரு நகரத்திற்குப் பொறுப்பாளன்.

லேண்டோ முதலில் சினம் கொண்டவன்போல் நடித்துப் பின் தழுவிக்கொள்கிறான். விருந்திற்கு அழைத்துச் செல்கிறான். உணவுக்கூடத்தின் கதவு திறக்கும்போது மேசையின் மறுமுனையில் பகைவனாகிய டார்த் வேடர் அமர்ந்திருக்கிறான். இக்காட்சியின் அதிர்ச்சி தமிழ்ப் பார்வையாளருக்குக் கூடுதலாகவே உறைக்கும். காட்டிக்கொடுத்தலை வேறெங்கும் நிகழ்த்தாமல் விருந்து மேசையில் நிகழ்த்தியிருப்பதால், நட்போடு விருந்தோம்பலும் முறிகிறது.

4. பேதைமை, உரிமை, அச்சம்

பழைய நண்பர் இழைக்கும் தீங்கை எவ்வாறு கொள்வது என்பதைப் 'பழைமை' அதிகாரம் (81) பேசுகிறது. நண்பர் வருந்தத்தக்கன செய்தால் அதற்கு அறியாமையோ மிகுந்த உரிமையோ காரணம் என்று உணர்க என்பது அதன் அறிவுரை (805). இவ்விரு காரணங்களும் மன்னிப்பிற்கு வழிவிடுபவை.

லேண்டோவின் செயல் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அவன் அறியாது செய்யவில்லை. உரிமை பாராட்டியும் செய்யவில்லை. நண்பர்கள் வந்து சேர்வதற்குச் சற்று முன்னரே பேரரசின் படை வந்துவிட்டது. அவன் ஓர் உடன்படிக்கைக்கு இணங்குகிறான். வேடர் அதனைத் தன் விருப்பம்போல் மாற்றிக்கொண்டே போகிறான். நகரத்தையும் அதன் மக்களையும் தன் பதவியையும் இழக்க நேரும் என்ற அச்சமே செயலின் காரணம். பேதைமை, உரிமை என்னும் குறளின் பகுப்போடு 'அச்சம்' என்னும் மூன்றாம் காரணத்தையும் சேர்க்க வேண்டிய தேவையை இக்கதை உணர்த்துகிறது. பேரரசுகளும் கண்காணிப்பும் நிறைந்த உலகில் நட்பு பெரும்பாலும் இம்மூன்றாம் காரணத்தாலேயே முறிகிறது.

அச்சத்தைப் பார்வையாளர் எப்போது அறிகின்றனர் என்பதும் முதன்மையானது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'டிக் டிக் டிக்' (2018) என்னும் தமிழ் விண்வெளிப் படத்தில், நாயகன் வாசு தன் மகனைப் பிணையாக வைத்து மிரட்டப்படுகிறான். பார்வையாளர் அம்மிரட்டலை அறிவர். ஆகவே அவன் உடன் பயணிப்போருக்கு எதிராகச் செயற்படும் வேளையிலும் அவனை வெறுப்பதில்லை. 1980ஆம் ஆண்டுப் படமோ கதவு திறக்கும் வரை அச்சத்தை மறைக்கிறது. முன்னதில் பார்வையாளர் நடுவராக அமர்கின்றனர்; பின்னதில் ஏமாந்தவரோடு சேர்ந்து ஏமாறுகின்றனர். ஏமாந்தவர் நம்பிக்கையை மீட்பது கடினம். அக்கடினத்தைப் பார்வையாளருக்கும் பங்கிட்டுத் தருவதால் பழைய படத்தின் அமைப்பு வலிமை பெறுகிறது.

5. அனைத்தும் இழந்த நண்பன்

தன்னால் இயன்றதைச் செய்தாயிற்று, தனக்கும் இடர்ப்பாடுகள் உண்டு என்று லேண்டோ முதலில் நண்பர்களிடம் சாக்குச் சொல்கிறான். சோலோ உறைநிலைக்கு உட்படுத்தப்பட்டுக் கொண்டுசெல்லப்படும்போது அச்சாக்கு நிலைக்கவில்லை. அவன் லேயாவையும் சூபக்காவையும் விடுவிக்கிறான். நகர மக்களை வெளியேறுமாறு அறிவிக்கிறான். தானும் அவர்களோடு தப்பி ஓடுகிறான். அந்தக் கணம் முதல் அவனும் பேரரசால் தேடப்படுபவன். நம்பலாமா என்னும் வினா இரண்டாம் முறையாக எழுகிறது.

இவ்விடத்தில் குறளின் ஓர் எச்சரிக்கை குறுக்கிடுகிறது. 'அற்றார்', அதாவது சுற்றத் தொடர்பு அற்றவர், தேறத்தக்கவர் அல்லர். அவர்க்குப் பற்றும் இல்லை, பழிக்கு நாணுதலும் இல்லை என்கிறது தெரிந்துதெளிதல் அதிகாரம் (506). இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் எதையும் செய்வான் என்பது இதன் உட்கிடை. கதையோ நேர்மாறாக நிகழ்வதுபோல் தோன்றுகிறது. நகரமும் மக்களும் பதவியும் உடையவனாக இருந்தபோது லேண்டோ காட்டிக்கொடுத்தான்; அனைத்தும் அற்றவனான பின் நம்பத்தக்கவன் ஆனான். பற்றே பிடியாகிப் பகைவன் கையில் அகப்பட்டது.

ஆயினும் இது குறளை மறுப்பதாகாது. அக்குறள் பற்று, நாண் என்னும் இரண்டையும் சேர்த்துக் கூறுகிறது. கதை அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. லேண்டோவின் பற்றுக்கோடு போயிற்று. பழிக்கு நாணும் உள்ளம் எஞ்சியது. தன் செயலால் விளைந்த பழியைத் துடைக்க வேண்டும் என்பதே பின்னர் அவன் மேற்கொள்ளும் இடர்கள் அனைத்திற்கும் காரணம். தலைமறைவாக வந்து நிற்கும் பழைய நண்பனிடம் ஆராய வேண்டியது பழைய அன்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைவிட, நாண் எஞ்சியுள்ளதா என்பதே.

கேட்டிலும் ஒரு நன்மை உண்டு, அது நட்பை நீட்டி அளக்கும் கோல் என்கிறது 'நட்பாராய்தல்' அதிகாரம் (796). கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் நேரிற் கண்டிராத பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாகச் சொன்னதைப் புறநானூறு (215) காட்டுகிறது. செல்வக் காலத்தில் வாராதவர் அல்லற் காலத்தில் வாராதிரார் என்பது சோழனின் தெளிவு. இவ்விரு இடங்களிலும் அளவுகோல் நம்புகிறவனின் கேடு. நம்பப்படுகிறவனின் கேடும் அளவுகோலாகலாம் என்பதை விண்வெளிக் கதை சேர்க்கிறது. நண்பன் என் துன்பத்தில் என்ன செய்கிறான் என்பதோடு, தன் துன்பத்தில் என்ன ஆகிறான் என்பதும் காணத்தக்கது.

இங்குப் படத்தின் குறை ஒன்றையும் சுட்ட வேண்டும். சூபக்கா லேண்டோவின் கழுத்தை நெரிப்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது; ஓட்டத்தின் விரைவில் ஐயம் பேசப்படாமலே அமுங்குகிறது. கம்பராமாயணத்தின் வீடணன் அடைக்கலப் படலத்தில், பகைவர் பக்கத்திலிருந்து வந்தவனை ஏற்கலாமா என்று சுக்கிரீவன் முதலியோர் கருத்துரைக்கின்றனர். அனுமன் மறுமொழி கூறுகிறான். பின்னரே இராமன் முடிவு செய்கிறான். தெளிவு அங்கே சொல்லாடலின் விளைவு. லேயா தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறும் வாய்ப்பைத் திரைக்கதை அவளுக்குத் தரவில்லை என்பது இழப்பே.

அடுத்த படம் இக்குறையைச் செயலால் ஈடுசெய்கிறது. சோலோவை மீட்க லேண்டோ காவலனாக மாறுவேடம் பூண்டு பகைவன் மாளிகையில் புகுகிறான். மீட்கப்பட்ட சோலோ, கண் தெளியாத நிலையிலும், படுகுழியில் விழ இருந்த லேண்டோவைக் காப்பாற்றுகிறான். இறுதிப் போரின் முன் தன் கலத்தை அவனிடம் ஒப்படைக்கிறான். கீறல் விழாமல் திருப்பித் தருவதாக லேண்டோ உறுதியளிக்கிறான். தமிழில் 'அடைக்கலம்' என்பது புகலையும் குறிக்கும். 'அடைக்கலப் பொருள்' எனும்போது காக்குமாறு ஒருவரிடம் ஒப்படைத்த பொருளையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பது நினைக்கத்தக்கது. முதலில் அடைக்கலம் தேடிச் சென்றவன் சோலோ. அவனுக்கு அது மறுக்கப்பட்டது. இறுதியில் அவனே அடைக்கலப் பொருள் தருபவன் ஆகிறான். சூதில் வென்ற பொருளை நட்பில் கையளிப்பதால், இருவரிடையே இருந்த பழைய கணக்கும் தீர்கிறது.

6. தமிழ்ப் புனைகதையில் ஓர் ஒப்புமை

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகியவை விண்வெளிக் கதைகள் அல்ல. எனினும் இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகுகின்றன. 1980களில் எழுதப்பட்ட இப்புனைவு, அன்று எதிர்காலமாக இருந்த 2020களில், ஜீவா என்னும் ஆட்சியாளரின் கண்காணிப்பில் வாழும் நாட்டைக் காட்டுகிறது. கணவனைக் காணாது தவிக்கும் நிலா, வீட்டிற்கு வந்து சேரும் ரவியை நம்புகிறாள். இறுதியில் அவனும் மனோவும் தம் திட்டங்களுக்கு அவளைக் கருவியாக்கிக் கொள்கின்றனர். துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

நிலாவிற்குப் 'பழைமை' இல்லை. திரும்பிச் செல்லப் பழைய நண்பர் எவரும் இல்லாத அவ்வுலகில், அளவுகோலின்றிப் புதியவரைத் தெளிய வேண்டியுள்ளது. சோலோவின் பழைமை அவனைத் தவறான வாயிலுக்கு இட்டுச் சென்றது உண்மையே. ஆயினும் தவறிழைத்த நண்பன் திரும்பி வருவதற்கு வழியாக நின்றதும் அப்பழைமையே. ரவி அவ்வாறு திரும்பி வருவதற்கு அவனுக்கும் நிலாவிற்கும் இடையே நட்பின் கடந்த காலம் ஏதும் இல்லை.

7. முடிவுரை

பழைய நண்பன் தேடப்படுபவனாக எதிர்ப்படும்போது, விருப்பவழி வரும் நம்பிக்கை மட்டும் போதாது. ஆராய்ச்சிவழி வரும் தெளிவிற்கோ காலம் வாய்ப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே பற்றுக்கோடாக அமைவது நாண். அச்சத்தால் தவறியவன் அத்தவற்றிற்கு நாணுகிறானா என்பதை அறிந்தால், அவனிடம் எதை ஒப்படைக்கலாம் என்பது தெரியவரும். லேண்டோ தேறினான் என்று தமிழில் சொன்னால், சோதனையில் வென்றான் என்றும் நோய் நீங்கினான் என்றும் நம்பத்தக்கவன் ஆனான் என்றும் மூவகையாகவும் பொருள்படும். இம்மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள் என்பதை விண்வெளிச் சாகசக் கதையொன்றின் வழியே தமிழ்ச்சொல் விளக்கிக் காட்டுகிறது.