ஒழுக்கத்திற்கு மதிப்பெண்

நூல்களை ஆராய்வதுபோல் வினாத்தாள்களையும் ஆராயலாம். கல்வி அதிகாரிகள் நம் பிள்ளைகளைப்பற்றி மெய்யாக என்ன எண்ணுகின்றனர் என்பதைப் பாடத்திட்டத்தின் முன்னுரையைவிட அவர்கள் கேட்கும் வினாக்களே தெளிவாய்க் காட்டிவிடும். எஸ்.பி.எம். நன்னெறிக் கல்விப் பரீட்சையை அவ்வாறு நோக்குவோம்.

பினாங்கிற்கு இவ்விஷயம் பழையது. 1816-ஆம் ஆண்டில் பாதிரியார் ஹட்சிங்ஸ் பினாங்கு பிரீ ஸ்கூலை நிறுவியபோதே, எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்ப்பதென்றும், கிறிஸ்து மதத்தை விரும்பாத பெற்றோர் மனம் நோகலாகாதென்றும் கருதப்பட்டது. இன்றைய ஏற்பாடு வேறு. முஸ்லிம் மாணாக்கர் இஸ்லாமியக் கல்வி பயில்கின்றனர். ஏனையோர் நன்னெறி பயில்கின்றனர். இடைநிலைப் பள்ளிகளில் 1989-இல் புகுந்த இப்பாடம் 1993-இல் எஸ்.பி.எம். பரீட்சைக்கு வந்தது. உதவிபெறும் பள்ளிகளில் ஏனைய மதங்களையும் போதிக்கலாமென 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் ஒரு காசும் அதற்குச் செல்லாது. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு மத பாடத்தின் இடத்தில் நன்னெறியே எஞ்சுகிறது.

அது என்ன செய்தது? முப்பத்தாறு பண்புகளை வகுத்து ஒவ்வொன்றிற்கும் மலாயில் ஓர் இலக்கணம் எழுதிவைத்தது. மாணாக்கர் அவற்றைச் சொல்லுக்குச் சொல் மனனம் செய்தனர். வழியில் விழுந்த கிழவரை ஒரு சிறுவன் தூக்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது அன்பா, பொறுப்புணர்ச்சியா, உயர்ந்த பண்பாடா? தூக்கியவனுக்கு இந்த ஐயமே எழாது. பரீட்சை எழுதுபவனுக்கோ இதிலேதான் மதிப்பெண் இருக்கிறது! செபராங் பிறைத் தோட்டமொன்றில், பால்மரத்திற்குச் சென்ற தாய்க்குப் பதிலாய்த் தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கனுப்பும் பெண், குடும்ப அன்பின் இலக்கணத்தில் ஒரு தொடரை மறந்தால் அப்பண்பில் குறைந்தவளாவாள். எத்தகைய நீதி இது!

இன்னும் விசித்திரம் ஒன்றுண்டு. அப்பட்டியலில் முதற்பண்பு கடவுள் நம்பிக்கை. அதற்கும் இலக்கணமுண்டு, மதிப்பெண்ணுண்டு. கடவுளைப்பற்றிப் பேசாத பௌத்தர் வீட்டுப் பிள்ளையும், பகுத்தறிவு பேசும் தந்தையின் மகனும், காலையில் மாரியம்மன் கோயிலைச் சுற்றிவந்த மாணவியும் ஒரே வாக்கியத்தை எழுதி ஒரே மதிப்பெண் பெறலாம். மூவர் நெஞ்சும் பரிசோதகருக்குத் தெரியப்போவதில்லை. நம்பாதவன் நம்புவதாக எழுதினால் தேர்ச்சி. அவன் உண்மை எழுதினால்? நம்பகத்தன்மையும் அதே பட்டியலில் உள்ள பண்புதானே!

மனிதரைச் சோதிப்பதே தகாதென்று யாம் கூறவில்லை. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, அறத்தாலும் பொருளாலும் இன்பத்தாலும் உயிரச்சத்தாலும் ஆராயச் சொன்னார்; ஒருவன் பெருமைக்கும் சிறுமைக்கும் அவன் செயலையே உரைகல்லாக்கினார். குணத்தின் இலக்கணத்தை ஒப்பிக்கச் சொல்லவில்லை.

2017-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் முப்பத்தாறைப் பதினெட்டாக்கியது. சுமை பாதியானது நன்றே. கடவுள் நம்பிக்கை மட்டும் இன்னும் முதலிடத்தில் நிற்கிறது.

இந்து சமயத்தையும் பரீட்சைப் பாடமாக்க வேண்டுமென்போர் நம்மிடையே உளர். பைபிள் அறிவு எஸ்.பி.எம். விருப்பப் பாடமாய் இருக்கும்போது நமக்கும் ஏன் இருக்கலாகாது என்பது அவர் வாதம். வாதம் நேரானதே. ஆனால் பைபிளில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்பது வேறு, அதை நம்புகிறாயா என்று கேட்பது வேறு. தேவாரம் பாடியவர் யாவர், சித்தாந்தம் எதைச் சொல்கிறது, வள்ளலார் எதை மறுத்தார் என்று கேட்கட்டும். மறுத்தெழுதும் மாணாக்கனுக்கும், காரணம் காட்டினால், முழு மதிப்பெண் கொடுக்கட்டும். திருநீறு பூசும் முறைக்கு ஐந்து மதிப்பெண் என்று தொடங்குவார்களாயின், நன்னெறிப் பரீட்சையைக் குறைகூற அவர்களுக்கு வாயிராது.