சக்கரத்துக்கு எவ்வளவு மினுக்கம்?

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் உடல் நிறத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சக்கரத்துக்கு வருவதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். “குரோம் போட்டுடுங்க, பளிச்சுனு இருக்கும்” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு பேச்சில் நல்ல ஜாகுவார்கள் பல கெட்டுப்போயிருக்கின்றன என்பது என் கட்சி.

ஜாகுவார் ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. பிரிஸ்டல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்த மால்கம் சேயர் கணக்குப் போட்டு வரைந்த உடல் அது. நீண்ட மூக்கிலிருந்து பின்சக்கரத்தின் மேலுள்ள புடைப்பு வரை, நேர்க்கோடு என்று சொல்ல அநேகமாக எதுவும் கிடையாது. அதன் அடியில் 15 அங்குலக் கம்பிச் சக்கரம். ஒவ்வொன்றிலும் 72 ஸ்போக். தொழிற்சாலை வழக்கமாகத் தந்த பூச்சு, சூளையில் சுட்டு இறுக்கிய வெள்ளி நிற எனாமல். குரோம் வேண்டுமானால் கூடுதல் காசு. ஆக இரண்டுமே அசல்தான். எதைப் போட்டாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மிச்சமிருப்பது ரசனை ஒன்றுதான்.

என் ஓட்டு எனாமலுக்கு. ஸ்போக்குகள் உள்வரிசை, வெளிவரிசை என்று ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு குடத்திலிருந்து விளிம்புக்கு ஏறுகின்றன. இந்தப் பின்னலின் ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல். எனாமல் தன்மேல் விழும் வெளிச்சத்தை மெல்லப் பரப்பிவிடும். முன்கம்பி வெளுத்தும் பின்கம்பி கறுத்தும் தெரியும். குரோமோ கண்ணாடி. கம்பியைப் பார்க்கக் குனிந்தால் வானமும் தார் ரோடும் நம் செருப்பும் தெரிகின்றன. பின்னல் கலைந்து எல்லாம் ஒரே கூச்சமாகிவிடுகிறது. உடலின் வளைவில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய பார்வை கீழேயே மாட்டிக்கொள்கிறது. கறுப்பு ஈ-டைப்புக்கு மட்டும் குரோமை ஒப்புக்கொள்வேன். அங்கே உடலே ஒரு கண்ணாடி. சக்கரம் அதோடு மல்லுக்கு நிற்கலாம்.

அழகை விடுங்கள், வேலைப்பாட்டுக்கும் எனாமல்தான் தோது. முலாம் போடும்போது அமிலத்திலும் மின்னோட்டத்திலும் பிறக்கும் ஹைட்ரஜன், உறுதியான எஃகுக் கம்பிக்குள் புகுந்துகொள்ளும். முலாம் போட்ட கையோடு சில மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால் கம்பி உள்ளுக்குள் நொறுங்கும் குணம் பெற்றுவிடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். எனாமல் சக்கரத்தில் ஒரு ஸ்போக் போனால் மாற்றி, நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுத்து, அந்த இடத்தைத் தொட்டுப் பூசினால் போதும்.

சரி, வெள்ளி என்று முடிவாயிற்று. எந்த வெள்ளி? இன்றைய மெட்டாலிக் சில்வரில் அலுமினியத் துகள் பருமன். போதாததற்கு மேலே கிளியர் கோட் வேறு. அறுபதுகளின் வண்டியில் அதை அடித்தால் சக்கரம் மட்டும் நேற்று ஷோரூமிலிருந்து வந்ததுபோல் நிற்கும். அக்காலத்துப் பூச்சு பொடித்துகள் கொண்டது, கொஞ்சம் சாம்பல் ஓடியது. பெயின்டரிடம் நாலைந்து சாம்பிள் தகடு அடித்துத் தரச் சொல்ல வேண்டும். அவற்றைப் பட்டறையின் டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டக் கூடாது. வெயிலில் ஒரு முறை, மர நிழலில் ஒரு முறை. இரண்டிலும் டயரை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ரப்பரின் கறுப்புக்குப் பக்கத்தில் எந்த வெள்ளியும் ஒரு படி வெளுத்துத் தெரியும். அதனால் கையில் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும் தகடே சக்கரத்தில் சரியாக அமையும்.

மெர்சிடிஸ் 230 எஸ்.எல். விவகாரம் வேறு ரகம். 1963-இல் வந்த வண்டி. நடுவில் தாழ்ந்த கூரையால் ‘பகோடா’ என்று பெயர் வாங்கியது. அதன் சக்கரத்தில் கண் போகும் இடம் வீல் கப். நடுவே குரோம் நட்சத்திரம், அதைச் சுற்றி வண்ணம். உடலும் கூரையும் ஒரே நிறமென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. இருவண்ண வண்டியில்தான் சிக்கல். பட்டுப்புடவைக்கு உடல் நிறத்தில் ரவிக்கை தைப்பதா, கரை நிறத்தில் தைப்பதா என்ற அதே கேள்வி. நான் கரைக் கட்சி. மேலே கூரையில் இருக்கும் நிறம் கீழே நாலு வட்டமாக மறுபடி வந்தால், நடுவிலுள்ள உடல் தன்னால் எடுத்துத் தெரியும்.

இப்படித் தகட்டால் ஆன இரும்புச் சக்கரங்களுக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது உறுதியானதுதான், ஆனால் தடிமன். விளிம்பில் பொறித்த எண்களும் தேதியும் மூழ்கிப்போகும். அதைவிட, நட்டு உட்காரும் குழியில் பவுடர் படிந்தால் முறுக்கிய நட்டு நாளடைவில் தளரும். அந்தக் குழிகளை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

போர்ஷே 911 எஸ் காருக்காக 1966-இல் வந்த ஃபுக்ஸ் சக்கரத்தைப் பலர் கண்ணாடியாக பஃபிங் செய்துவிடுகிறார்கள். ஐந்து இதழ் கொண்ட அந்த அலுமினியச் சக்கரம் அடித்து உருவாக்கியது. அதன் மேலிருப்பது அனோடைசிங், அதாவது உலோகத்திலிருந்தே வளர்த்தெடுத்த ஆக்சைடு படலம். பால்போன்ற மங்கல் ஒளி அதற்கு. இதழ்களுக்கு இடையிலுள்ள கறுப்புப் பூச்சுக்கு இந்த மங்கல்தான் இணை. பஃபிங்கில் படலம் போனபின் மாதா மாதம் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தங்க நிறச் சக்கரம் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். பழைய பந்தயக் கார்களின் மக்னீசியச் சக்கரங்களை அரிப்பிலிருந்து காக்கக் குரோமேட் குளியல் கொடுத்தால், பித்தளைக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறம் ஒன்று தானாகவே வரும். லம்போர்கினி மியூராவின் தங்கச் சக்கரத்தை ஆடம்பரம் என்று என்னால் ஒதுக்க முடியாததற்கு அந்தப் பரம்பரையும் ஒரு காரணம். மாருதி 800-க்கு அடித்தால் அது வேறு கதை.

எந்த வண்டியானாலும் கடைக்குப் போகுமுன் ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். ஈ-டைப்பில் அது டிக்கியின் தரைக்கு அடியில் கிடக்கும். வெயிலும் பிரேக் தூசியும் அதிகம் படாததால், சில வண்டிகளில் தொழிற்சாலைப் பூச்சு அதில் மட்டும் தப்பியிருக்கும். அப்படிக் கிடைத்தால் சாம்பிள் தகடுகளை அதன் பக்கத்தில் வைத்து நிறம் தேறுங்கள். மற்ற நாலுக்கும் பூச்சு போடும்போது, ஐந்தாவதையும் சேர்த்துவிடட்டுமா என்று பெயின்டர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.