ராட்டினத்தின் முதல் சுற்று

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில், கேளிக்கைப் பூங்கா என்பது பெருநகரில் காண்பதற்கு முன்பே, திருவிழாத் திடலில் சில நாள்கள் மட்டும் நிற்கும் ராட்டினத்தின் வடிவில் அறிமுகமாகிவிடுகிறது. கிடைமட்ட அச்சைச் சுற்றி மேலும் கீழுமாகச் சுழலும் இவ்வகைச் சக்கரத்தை, ஜார்ஜ் ஃபெர்ரிஸ் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 264 அடி உயரத்தில் நிறுவி உலகப் புகழ் பெறச் செய்தார். ஒவ்வொரு தொட்டிலும் தன் எடைமையத்துக்கு, அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளிக்கு, மேலே அமைந்த அச்சாணியில் தொங்குவதால், சக்கரம் சுழன்றாலும் இருக்கை கவிழ்வதில்லை. ஆள் ஏற்றுபவர் அடுத்தடுத்த தொட்டில்களை நிரப்பாமல் எதிரெதிரானவற்றை மாறிமாறி நிரப்புவது, ஒரு பக்கம் எடை கூடிச் சக்கரம் திணறாதிருப்பதற்காகவே. இச்சமநிலைக் கணக்கு ஏட்டில் இல்லாமல் கைப்பழக்கமாகவே வருவது. உச்சியைக் கடக்கையில் உடலின் முடுக்கம் கீழ்நோக்கி அமைவதால், இருக்கை உடலைத் தாங்கும் விசை குறைந்து, முதன்முறை ஏறியவருக்கு அடிவயிறு கூசுகிறது. 1955-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து முதல் சென்னைப் புறநகர்ப் பூங்காக்கள் வரை, பெரும்பொருட்செலவில் அமைந்த சவாரிகள் பலவும் தருவது இதே கூச்சமே என்பதால், திடல் ராட்டினத்தை அவற்றின் ஏழைப் பதிப்பாகக் கருதுவதைவிட மூலவடிவமாகக் கருதுவதே பொருந்தும்.