நூலில் எழுதிய விரல்

2017-ல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரையை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்தேன். ஹார்வர்டின் ஃபியோனுவாலா கானலி, கானர் வால்ஷ், காத்தியா பெர்டோல்டி மூவரும் எழுதியது. நூல் சுற்றிய ரப்பர் இயக்கிகளை, நாம் கேட்கும் பாதையில் அசையும்படி தானாகவே வடிவமைத்துத் தரும் முறை பற்றியது. நல்ல கட்டுரை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் சுத்தமாக எழுதப்பட்டவற்றில் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நெருடுகிறது. அதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் இந்த இயக்கி என்ன வஸ்து என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

பலூன் ஊதும்போது முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் பெருத்துவிட்டால் பிறகு சுலபம். ரப்பருக்கான மிக எளிய சமன்பாடான நியோ-ஹூக்கியன் மாடலில் உருண்டை பலூனைப் போட்டுப் பார்த்தால், ஆரம் 1.38 மடங்கு ஆகும் இடத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கிறது. அதாவது ஒரே அழுத்தத்துக்கு இரண்டு அளவுகள். ரோபோ செய்பவருக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் இவ்வளவு அசைவு என்று சொல்ல முடியாத பொருளை வைத்து என்ன செய்வது?

இதற்கு மருந்துதான் நூல். சிலிக்கோன் குழாய் மேல் கெவ்லார் மாதிரி நீளாத நூலைச் சுருளாகச் சுற்றி, மேலே இன்னொரு மெல்லிய சிலிக்கோன் பூச்சு. உள்ளே காற்றோ நீரோ செலுத்தினால் குழாய் கண்டபடி உப்பாது. நூல் விடுகிற திசையில் மட்டும்தான் போகும்.

எந்தத் திசையில் விடும்? ஒரு சுருள் நூலை மனதில் பிரித்து, குழாயைத் தட்டையாக விரித்துப் பாருங்கள். செங்கோண முக்கோணம் கிடைக்கும். கர்ணம் நூலின் நீளம், அது மாறாது. செங்குத்துப் பக்கம் குழாயின் நீளம். அடிப்பக்கம், சுற்றளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கியது. குழாய் குட்டையானால் பருத்தாக வேண்டும், நீண்டால் மெலிந்தாக வேண்டும். இரண்டு கடைசியிலும் கொள்ளளவு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது. நடுவில் எங்கோ ஓர் உச்சம். அந்த உச்சம் அச்சிலிருந்து 54.7 பாகையில் இருக்கிறது. அழுத்தம் எப்போதும் கொள்ளளவைக் கூட்டத்தான் பார்க்கும். ஆகவே எந்தக் கோணத்தில் ஆரம்பித்தாலும் குழாய் 54.7-ஐ நோக்கி நகரும்.

பத்து வரி பைத்தானில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகையில் சுற்றினால் குழாய் நீளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் வரை போக முடியும். 75 பாகையில் சுற்றினால் 2.2 மடங்குக்குக் கொஞ்சம் மேலே நீளும் வரை. இவை எல்லைகள்தான், ரப்பரின் எதிர்ப்பால் நிஜத்தில் அதற்கு முன்பே நிற்கும். வலமாக ஒரு சுருள், இடமாக ஒரு சுருள் என்று சம கோணத்தில் போட்டால் முறுக்கு ரத்தாகிவிடும். ஒரே பக்கம் மட்டும் போட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்தை நீளவிடாமல் தடுத்தால் அந்தப் பக்கமாக வளையும். மொத்த அகராதியும் இவ்வளவுதான்: நீளல், பருத்தல், முறுக்கல், வளைதல்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1950-களில் லாஸ் அலமோஸ் அணு இயற்பியலாளர் ஜோசப் மக்கிபென், போலியோவால் கை பலவீனமான தன் மகளுக்காக இந்த வகைச் செயற்கைத் தசையைக் கையில் எடுத்தார். 1961-ல் ஷுல்ட் என்பவர் அதன் விசைக்கு ஒரு சூத்திரம் தந்தார்: கோணத்தின் கொசைனை வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கழித்து, அழுத்தத்தாலும் குறுக்குப் பரப்பாலும் பெருக்கு. கவனித்தீர்களா, இந்தச் சூத்திரத்தில் ரப்பரே இல்லை! எந்த ரப்பர், எவ்வளவு தடிமன் எதுவும் தேவையில்லை. எல்லாம் நூலின் வடிவியல். (இதே கொள்ளளவு வளைகோட்டை 1958-ல் கிளார்க், கௌவி என்ற இரண்டு விலங்கியலாளர்கள் புழுக்களை அளந்து வரைந்திருக்கிறார்கள். புழுவின் தோலுக்கடியிலும் இதே குறுக்குச் சுருள் இழைகள்தான்.)

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

ஹார்வர்ட் குழுவின் வரிசையில் மூன்று கட்டுரைகள் முக்கியம். 2015-ல் பாலிகெரினோஸ் முதல் ஆசிரியராக எழுதிய வளையும் இயக்கி மாடல். வட்டம், அரைவட்டம், செவ்வகம் என்று குறுக்குவெட்டுகளை ஒப்பிட்டு, அரைவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அழுத்தத்துக்கும் கோணத்துக்கும் நுனி விசைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். அதே 2015-ல் கானலி முதல் ஆசிரியராக வந்தது, நூலின் கோணத்தை மாற்றுவதன் மூலம் ‘இயந்திர நிரலாக்கம்’ செய்வது பற்றி. மூன்றாவது நான் மேலே சொன்ன 2017 கட்டுரை. மனிதக் கையின் சுட்டுவிரலும் கட்டைவிரலும் அசையும் விதத்தை அளந்து கொடுத்தால், ஒவ்வொரு துண்டின் நீளம் என்ன, நூல் கோணம் என்ன என்று கணினி சொல்லிவிடும். அதன்படி வார்த்து, நூல் சுற்றி, ஒரே ஒரு அழுத்த மூலத்தில் இணைத்தால் இயக்கி விரல் மாதிரியே மடங்குகிறது.

மாடல் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? நான்-லீனியர் மீள்மை இயக்கவியலின் வெற்றி என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாதி உண்மை. ரப்பரை நூல் கட்டிப்போட்டுவிடுவதால், அது சுற்றளவுத் திசையில் பெரிதாக நீளவே முடியாது. அது தன் முழு கோணங்கித்தனத்தையும் காட்டும் பகுதிக்குப் போக நூல் விடுவதில்லை. அதனால்தான் ஒற்றை மாறிலி கொண்ட எளிய ரப்பர் மாடலே போதுமாகிறது. வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நூல். அந்த வடிவத்துக்குப் போக எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை மட்டும் ரப்பர் சொல்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை நல்ல மாடலால் பிடிப்பதைவிட, அது முக்கியமே இல்லாத மாதிரி வடிவமைப்பது பெரிய பொறியியல். ஆனால் பாராட்டு சமன்பாட்டுக்கு மட்டும் போய் நூலுக்குப் போகாமல் இருப்பது கொஞ்சம் அநியாயம்.

அந்த ‘நிரலாக்கம்’ என்ற சொல்தான் எனக்கு முதல் தொந்தரவு. இருபது வருஷமாக நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இருக்கலாம். நிரல் என்றால் உள்ளீடு மாறினால் பாதை மாற வேண்டும். ஒரு ‘இஃப்’ ஆவது இருக்க வேண்டும். இங்கே எல்லாத் துண்டுகளும் ஒரே அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அழுத்தத்தை ஏற்றினால் ஒரு பாதையில் முன்னே போகும், இறக்கினால் அதே வழியாகத் திரும்பும். நடுவில் கிளையே கிடையாது. இது நிரல் இல்லை; பைக் எஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட். பழைய தையல் மெஷினில் பூவேலைக்கு மாற்றிப் போடுகிற வட்டு மாதிரி. வேறு பூ வேண்டுமென்றால் வேறு வட்டு.

சரி, சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் கேமோடு ஒப்பிட்டால்தான் அடுத்த பிரச்சினை கண்ணில் படும். கேம் இரும்பு. வால்வு ஸ்பிரிங் எவ்வளவு எதிர்த்தாலும் கேம் தன் வடிவத்தை விடாது. அதனால் கேமின் பாதையைக் காகிதத்தில் வடிவமைத்தால் போதும். நம் இயக்கி ரப்பர். அது எதிர்ப்புக்கு வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுப்பதுதான் அதன் பெருமையே! மனிதத் தோலை நசுக்காது, முட்டையை உடைக்காது, பிடிக்கிற பொருளின் வடிவத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும் என்றெல்லாம் சொல்லித்தான் மென் ரோபோக்களை அறிமுகப்படுத்துகிறோம். பாதையை விட்டுக்கொடுப்பதுதான் சிறப்பு என்று விற்கும் ஒரு பொருளை, வெறும் காற்றில் பாதை எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்ற அளவுகோலை வைத்து வடிவமைக்கிறோம். எனக்கு நெருடுவது இந்த இடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. இயக்கியின் ஒரு வளையும் துண்டை, அழுத்தம் ஏறினால் ஓய்வுக்கோணம் மாறுகிற ஒரு முறுக்கு ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் அது 60 பாகை வளைகிறது. இப்போது அதை ஒரு விரல் மூட்டின் மேல் கட்டுகிறோம். மூட்டும் ஒரு ஸ்பிரிங், ஆனால் நேராக இருக்கவே விரும்புகிறது. இரண்டின் விறைப்பும் சமம் என்றால் 30 பாகையில் நிற்கும். மூட்டின் விறைப்பு மூன்று மடங்கு என்றால் 15 பாகைதான். விரலில் மூன்று மூட்டுகள். மூன்றும் ஒரே அளவு விறைப்பாக இருந்தால் பாதை சுருங்கும், ஆனால் வடிவம் தப்பும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்றால் வடிவமே கோணலாகிவிடும். சரி, அழுத்தத்தைக் கூட்டலாம் என்றால், அழுத்தம் ஒன்றுதானே? விறைத்த மூட்டை மடக்குவதற்காகக் கூட்டினால், விறைக்காத மூட்டு தேவைக்கு மேல் மடங்கும். ஒற்றை மூலம் என்பது காற்றில் இருக்கும்வரை நேர்த்தி. கையில் மாட்டியதும் அதுவே கட்டுப்பாடு.

இது வெறும் காகிதச் சண்டை இல்லை. இந்த இயக்கிகள் போய்ச் சேர வேண்டிய இடம் பக்கவாதத்தாலோ தசை நோயாலோ விரலை மடக்க முடியாதவர்களின் கை. அதே குழு 2015-ல் வெளியிட்ட மென் கையுறை அதற்கானதுதான். நூல் சுற்றிய இயக்கிகள் புறங்கைப் பக்கம் ஓட, நீர் அழுத்தத்தில் இயங்கும். வீட்டில் வைத்தே பயிற்சி செய்யலாம். விரல் மடங்கும்போது புறப்பக்கம் நீள்கிறது, ஆகவே இயக்கியும் அங்கே நீள வேண்டும் என்பது வரை யோசித்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் பலருக்குக் கை இறுகிவிடும், விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு, ஒரே கையில் மூட்டுக்கு மூட்டு வேறு. அப்படிப்பட்ட கையில் இயக்கி எந்தப் பாதையில் போகும் என்பதை, ஆரோக்கியமான விரலின் பாதையைக் காற்றில் பொருத்திக் காட்டும் படம் சொல்லாது. ‘தானியங்கி வடிவமைப்பு’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, நோயாளியின் கையை ஸ்கேன் செய்தால் மறுநாள் கையுறை ரெடி என்று நினைக்கும் வாசகர் ஏமாந்துபோவார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எளிதான கேள்வியை முதலில் தீர்ப்பதுதான் அறிவியல் நடக்கிற வழி. காற்றில் பாதையைப் பொருத்தவே தெரியாதவர்கள் சுமையோடு பொருத்த முடியாது. தலைகீழ்க் கணக்கை, அதாவது அசைவைக் கொடுத்து வடிவமைப்பைக் கேட்பதை, இவ்வளவு தெளிவாக ஆக்கியது சாதாரண வேலை இல்லை. அதுவரை பெரும்பாலும் கோணத்தை மாற்றிப் பார், வார்த்துப் பார், ஊதிப் பார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் குறை, குறிக்கோள் சார்பில் ஓர் உறுப்பு விட்டுப்போனதைப் பற்றித்தான். நுனி விசை வரை கணக்கிட்ட 2015 மாடல் அதே ஆய்வகத்தில் ஏற்கெனவே கையில் இருந்தது. பாதையின் பிழையோடு, ஒவ்வொரு மூட்டிலும் எதிர்பார்க்கும் விறைப்பையும் உள்ளீடாகச் சேர்த்திருந்தால், கணினி தேர்ந்தெடுக்கும் நீளங்களும் கோணங்களும் வேறாக வந்திருக்கும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பரை முதல் தடவை இழுப்பதும் பத்தாவது தடவை இழுப்பதும் ஒன்றல்ல. முதல் இழுப்புக்குப் பின் அது கொஞ்சம் தளர்ந்துவிடும். மல்லின்ஸ் விளைவு என்று பேர். ரப்பர்காரர்களுக்கு 1940-களிலிருந்தே தெரிந்த சங்கதி. அதுபோக, ஏற்றும்போது ஒரு வளைகோடு, இறக்கும்போது இன்னொன்று. நான் மேலே ‘அதே வழியாகத் திரும்பும்’ என்று சொன்னது மாடலின் பார்வையில்தான். மீள்மை மட்டும் கொண்ட எந்த மாடலுக்கும் நேற்று என்று ஒன்று கிடையாது. பயிற்சிக் கையுறை தினமும் நூற்றுக்கணக்கில் மடங்கி விரிய வேண்டிய சாதனம். வடிவத்தை நூல் காப்பாற்றும், ஆனால் அழுத்தக் கணக்கு மெல்ல நழுவும். அதைச் சென்சாரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

நூல் கோணத்தின் துல்லியம் இன்னொன்று. ஆய்வகத்தில் நூலைச் சுற்றுவது பெரும்பாலும் கைதான். அச்சில் வார்க்கும்போதே வரும் பள்ளங்களில் நூலைப் பதிக்கிறார்கள், அதனால் ஓரளவு பிசகாது. என்றாலும் 54.7-க்குப் பக்கத்தில் வடிவமைத்த துண்டில் இரண்டு பாகை தவறினால், நீள வேண்டியது சுருங்கும். அளவு சின்னதுதான், ஆனால் திசையே மாறிவிடுகிறது. கணினி தரும் விடையில் எந்தக் கோணம் எவ்வளவு பிழை தாங்கும் என்ற பட்டியலும் கூடவே வந்தால் செய்பவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

மூன்று மூட்டு ஸ்பிரிங் மாடலைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விறைப்புகளை மாற்றினால் காற்றில் பொருந்திய பாதை எப்படிக் கோணலாகிறது என்று படம் போடும் அளவுக்கு வந்திருக்கிறது. ஒரே அழுத்தத்தை இரண்டாகப் பிரித்தால், அதாவது அடி மூட்டுக்கு ஒன்று, மேல் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்று வைத்தால், எவ்வளவு மீட்க முடியும் என்பதை அடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். முடிந்ததும் நிரலோடு தனிப் பதிவாகப் போடுகிறேன்.